இறுக்க இறுக்க ஒழுகும் ஜன்னல்

1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு வந்த பியர்சன் ட்ரைடன் தொடங்கி 1980களின் இறுதி வரை, ஃபைபர் கிளாஸில் வார்த்த பாய்மரப் படகுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கில் நீரில் இறங்கின. கான்டெஸ்ஸா 32, வெஸ்டர்லி, கேட்டலினா என அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. படகின் உடற்கூடு பெரும்பாலும் திடமாகவே இருக்கிறது. கெட்டுப்போனவை கேபினின் இரு பக்கமும் உள்ள ஜன்னல்கள். பிளாஸ்டிக்கில் நுண்கீறல் படர்ந்து பார்வை மங்கியிருக்கும். ஓர ரப்பர் கையில் உதிரும். மழை பெய்த மறுநாள் படுக்கை மெத்தை நனைந்திருக்கும்.

இதற்குப் படகுத்துறைகளில் சொல்லப்படும் வைத்தியம் ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். ஒழுகினால் சீலன்ட் போதவில்லை, இன்னும் கொஞ்சம் பூசித் திருகுகளை இறுக்க வேண்டும். பழைய அக்ரிலிக் கீறல் விட்டால் அதைவிடப் பலமான பாலிகார்பனேட்டைப் போட வேண்டும். ஒட்டுவதற்குக் கடையில் இருப்பதிலேயே விடாப்பிடியாகப் பிடிக்கும் பசையை வாங்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த மூன்று யோசனைகளும் தவறானவை. மூன்றுக்கும் வேர் ஒன்றே: படகின் ஜன்னல் அசையாமல் நிற்கும் பொருள் என்ற எண்ணம். அது ஒவ்வொரு நாளும் நீள்கிறது, குறுகுகிறது. அந்த அசைவுக்கு இடம் விடாத எந்தப் பழுதுபார்ப்பும் இரண்டு கோடையைத் தாண்டினால் அதிர்ஷ்டம்.

முதலில், ஒழுகுவது ஜன்னல்தானா என்று பார்க்க வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ஈரம் என்றால் ஜன்னல்தான் குற்றவாளி என்று முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் மேல்தளத்துக்கும் உள் பூச்சுப் பலகைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் நீர் நெடுந்தூரம் ஓடும். கூரைக் கைப்பிடியின் போல்ட் வழியாக இறங்கிய நீர், வெட்டப்பட்ட முதல் இடமான ஜன்னல் ஓரத்தில்தான் வெளியே வரும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மேல்தளத்தைத் துளைக்கும் இடத்திலிருந்தும் அப்படியே வரும். சோதனை எளிது. ஒருவர் உள்ளே கைவிளக்கோடு உட்கார, மற்றவர் வெளியே குழாயை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும். ஜன்னலின் கீழ் விளிம்பில் சில நிமிடம், பிறகு பக்கங்கள், பிறகு மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாது. கைப்பிடிக்கு நீர் போனபின்தான் சொட்டு விழுகிறது என்றால், ஜன்னலில் எத்தனை டியூப் சீலன்ட் கொட்டினாலும் அது வீண்.

ஜன்னலேதான் என்று உறுதியானால், அதைக் கழற்றிப் பார்ப்பதே சிறந்த பாடம். 1970களிலும் 80களிலும் பரவலாக இருந்த வகை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேபின் சுவரில் வெட்டிய திறப்பின் மேல் வெளியிலிருந்து ஓர் அக்ரிலிக் பலகையைப் பொருத்தி, சுற்றிலும் திருகு அடித்திருப்பார்கள். திருகுகளை எடுத்துவிட்டு மெல்லிய கத்தியால் நெம்பினால் பலகை பல இடங்களில் தானாகவே கழன்று வரும். அடியில் உள்ள சீலன்ட்டின் தடிமனைப் பார்க்க வேண்டும். திருகு இருந்த இடங்களில் அது காகிதம்போல நசுங்கியிருக்கும். திருகுக்கும் திருகுக்கும் நடுவே சற்றுத் தடிப்பாக இருக்கும். சுவரோடு அது நன்றாக ஒட்டியிருக்கும், பலகையிலிருந்து விட்டிருக்கும். விட்ட இடத்தில், பலகையின் இரு கோடியிலும், மூலைகளை நோக்கிக் கறுத்த அழுக்குத் தடம் ஓடும். அதுதான் நீர் வந்த வழி. ஒவ்வொரு திருகுத் துளையைச் சுற்றியும் நட்சத்திரம்போல விரிசல் பரவியிருக்கும். பலகையின் நடுப்பகுதியில் சீலன்ட் கெடாமல் கோடிகளில் மட்டும் ஏன் கிழிந்தது? சீலன்ட்டின் தரம் குறைவு என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல அல்லவா கெட்டிருக்க வேண்டும்? அசைவு நடுவில் இல்லை, கோடியில்தான் அதிகம். சேதமும் அங்கேதான் இருக்கிறது.

இந்த அசைவை அளந்து சொல்ல முடியும். ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் 0.023 மில்லிமீட்டர்தான். ஃபைபர் கிளாஸ் சுவரும் ஏறத்தாழ அதே அளவு, 0.025 என்று வைத்துக்கொள்ளலாம். 25 டிகிரியில் பொருத்திய ஒரு மீட்டர் நீளப் புகைநிறப் பலகை கோடை வெயிலில் 55 டிகிரிக்குச் சூடாவது சாதாரணம். அப்போது சுவரைவிட அது சுமார் 1.35 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். ஒவ்வொரு கோடியிலும் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். இரவில் திரும்பச் சுருங்கும். குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

இப்போது சீலன்ட்டின் தடிமன் முக்கியமாகிறது. திருகை இறுக்கி 0.3 மில்லிமீட்டராக நசுக்கிய படலம், 0.7 மில்லிமீட்டர் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கத் தன் நீளத்தைப்போல் இரண்டரை மடங்காக நீள வேண்டும். அதே சீலன்ட்டை 3 மில்லிமீட்டர் தடிமனாக விட்டால், அதே இழுப்புக்கு அது இரண்டரை சதவீதம் நீண்டால் போதும். பொருள் ஒன்றே, பலகை ஒன்றே, வெயிலும் ஒன்றே. ஒரு பக்கம் இரண்டரை மடங்கு, மறுபக்கம் இரண்டரை சதவீதம். எந்த விலை உயர்ந்த டியூபும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. திருகை இறுக்குகிறவர் சீலன்ட்டின் உயிரைத் தன் கையாலேயே பிழிந்து வெளியேற்றுகிறார். ஓரத்தில் பிதுங்கி வழிவதைப் பார்த்து வேலை நன்றாக முடிந்தது என்று அவருக்குத் திருப்தி. பிதுங்கியது இருந்திருக்க வேண்டிய இடம் உள்ளே.

ஒட்டும் பொருளைப் பற்றிய வழக்கமான ஆலோசனையும் இந்தக் கணக்கின் முன் நிற்பதில்லை. உடற்கூட்டின் அடிப்பகுதியை ஒட்டுவதற்கான கடினமான பாலியூரித்தேன் பசைகள் பெயர்பெற்றவை; உரித்தெடுக்கவே முடியாது என்பார்கள். அவை அசைவை ஏற்பதற்காக அல்ல, இரண்டு பொருள்களை ஒன்றாகப் பூட்டுவதற்காக உண்டானவை. அசைந்தே தீர வேண்டிய பலகையைப் பூட்டினால் பசை தோற்காத இடத்தில் பலகை விரியும். இன்னொரு கேடும் உண்டு. ஒளி ஊடுருவும் பலகை வழியாகச் சூரியனின் புறஊதாக் கதிர் நேரே ஒட்டுப்பரப்பைத் தாக்கும்; பாலியூரித்தேன் அங்கே மாவாகி விடும். கார் முன்கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை சுட்டிருப்பது இந்தப் பசையை வெயிலிலிருந்து மறைக்கத்தான். படகு ஜன்னலுக்கான பாலியூரித்தேன் வகைகளும் உண்டு. அவற்றுக்கும் உரிய பிரைமரும் கறுப்பு ஓரமும் கட்டாயம். பாலிசல்ஃபைடு வகை சீலன்ட் தேக்குப் பலகை இடுக்குகளுக்கு மிக நல்லது. அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் அது அரிக்கும். அதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

இங்கேதான் மிகப் பழைய தடை ஒன்று குறுக்கே வருகிறது: படகில் சிலிகானைத் தொடவே கூடாது என்பது. இந்தத் தடைக்குப் பின்னால் உண்மையான கசப்பு அனுபவம் இருக்கிறது. புளிக்காடி வாசனை அடிக்கும் குளியலறைச் சிலிகானைப் படகில் பூசியவர்கள், அது விட்டுப்போன இடத்தில் பெயின்ட்கூட ஒட்டாமல் தவித்திருக்கிறார்கள். ஆனால் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களைப் பிடித்து நிறுத்துவதும் சிலிகான்தான். டெட்ராய்ட் நகரில் 1971இலேயே ஒரு கட்டடத்தின் கண்ணாடிகள் நான்கு பக்கமும் சிலிகானால் மட்டுமே ஒட்டி நிறுத்தப்பட்டன. அந்த வகை, காடி வாசனை இல்லாமல் இறுகும் கட்டுமானச் சிலிகான். டௌ 795 இதில் நன்கு அறியப்பட்டது. இணைப்பின் அகலத்தில் 50 சதவீதம் கூடவும் 50 சதவீதம் குறையவும் அது அசைவை ஏற்கும். புறஊதாக் கதிர் அதை எளிதில் அழிப்பதில்லை. ஒரே பெயரைச் சுமக்கிற இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக எண்ணித் தடை போட்டதால், ஜன்னலுக்கு மிகவும் பொருத்தமான பொருளே பல படகுகளில் ஒதுக்கப்படுகிறது.

அடுத்து, பாலிகார்பனேட். ஜெர்மனியின் பேயரிலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலும் 1953இல் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பிளாஸ்டிக்கைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. அந்த ஒரு காட்சியே வாங்குகிறவரை மயக்கிவிடுகிறது. ஆனால் கேபின் ஜன்னலைச் சுத்தியல் அடிப்பதில்லை, அலை அழுத்துகிறது. அழுத்தத்தை எதிர்க்க வேண்டியது விறைப்பு. அக்ரிலிக்கின் நெகிழ்ச்சிக் குணகம் சுமார் 3.2 கிகாபாஸ்கல், பாலிகார்பனேட்டினுடையது சுமார் 2.35. ஒரே தடிமனில் ஒரே அலைக்குப் பாலிகார்பனேட் பலகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வளையும். வளையும் பலகை ஓரத்தில் சீலன்ட்டை நெம்பும். அலுமினியச் சட்டத்தில் இருந்தால் சட்டத்தை விட்டே நழுவப் பார்க்கும். வெப்பத்தில் நீள்வதிலும் அது அக்ரிலிக்குக்குக் குறைந்ததல்ல. ஆகவே அதைப் போட்டதால் ஒழுக்கின் காரணம் எதுவும் நீங்குவதில்லை.

அதன் ஆயுள் இன்னும் மோசம். பாலிகார்பனேட்டைப் புறஊதாக் கதிரிலிருந்து காப்பது மேலே பூசிய மெல்லிய படலம் மட்டுமே. அறுத்த ஓரத்திலும் துளையின் உட்சுவரிலும் அந்தப் படலம் இல்லை. துடைக்கத் துடைக்க அது தேயும்; தேய்ந்த இடம் மஞ்சளாகும், பிறகு பால்போல மங்கும். அக்ரிலிக் அப்படியல்ல, வெயிலைத் தாங்கும் குணம் அதன் வேதியமைப்பிலேயே உண்டு. 1933இல் ஜெர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானியின் தலைக்கு மேல் மூடியாகவும் அமைந்த பொருள் இது. 1970களின் படகில் இன்று கீறல் விட்டிருக்கும் பலகை நாற்பது, ஐம்பது ஆண்டு உழைத்துவிட்டுத்தான் ஓய்கிறது. அதைக் காட்டி அக்ரிலிக் பலவீனமானது என்று வாதிடுவது விந்தையான நியாயம்.

பலம் கூடுதலாக வேண்டும் என்றால் தடிமனைக் கூட்டினால் போதும். விறைப்பு தடிமனின் முப்படியில் ஏறும். 8 மில்லிமீட்டருக்குப் பதில் 10 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சிறு படகுகளின் ஜன்னல்களுக்கான ஐஎஸ்ஓ 12216 தரநிலையும் தடிமனைப் பொருளின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. பலகையின் பரப்பு, அது படகில் இருக்கும் இடம், படகு எவ்வளவு திறந்த கடலுக்குப் போகும் என்பதையெல்லாம் கணக்கில் கொள்கிறது. கடையில் கேட்கும்போது வார்ப்பு அக்ரிலிக் என்று சொல்லிக் கேட்க வேண்டும். இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த மலிவுப் பலகையில் உள்ளழுத்தம் மிச்சமிருக்கும். கரைப்பான் பட்டவுடன் கீறல் விடும். கேபின் சுவர் வளைந்திருந்தால் வார்ப்புப் பலகையைச் சூடாக்காமலே ஓரளவு வளைத்துப் பொருத்தலாம். வளைவின் ஆரம் தடிமனைப்போல் 200 மடங்குக்குக் குறையக் கூடாது. 10 மில்லிமீட்டருக்கு 2 மீட்டர். பெரும்பாலான பழைய படகுகளின் சுவர் இதைவிட நேரானதுதான்.

மங்கிய பலகையைப் பாலிஷ் போட்டே காலத்தை ஓட்டலாம் என்பாரும் உண்டு. மேற்பரப்பில் உள்ள உராய்வு மங்கலுக்கு அது சரி. நுண்கீறல் பலகையின் ஆழத்துக்குள் இறங்கியது. மேலே தேய்த்துப் பளபளப்பாக்கினால் கீறலின் வாய் மறையலாம், வேர் உள்ளேயே இருக்கும். விரல் நகத்தால் வருடிக் கீறல் தட்டுப்பட்டால் அந்தப் பலகை மாற்ற வேண்டிய பலகை.

அசைவுக்கு இடம் விட, திருகையே கைவிட்டுப் பலகையை ஒட்டி மட்டும் நிறுத்தலாம். அது ஆபத்து, புயலில் அலை ஜன்னலைப் பிடுங்கிவிடும் என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். உயிர் சம்பந்தப்பட்ட வாதம் என்பதால் அதற்கு முழுப் பதில் வேண்டும். வெளியிலிருந்து பொருத்திய பலகை திறப்பைவிடச் சுற்றிலும் 30 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால், அலை அதைச் சுவரோடு சேர்த்துத்தான் அழுத்தும். சுமையைத் தாங்குவது சுவர். திருகு அந்த நேரத்தில் எதுவும் செய்வதில்லை. பலகையை வெளியே இழுக்கும் விசையைப் பார்ப்போம். 1 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் உயரம் உள்ள பலகைக்கு ஒட்டுப்பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர மீட்டர். கட்டடப் பொறியியலில் சிலிகானுக்கு அனுமதிக்கும் மிகக் குறைந்த சுமை அளவையே, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 1,38,000 நியூட்டனையே எடுத்தாலும், அந்த ஒட்டு ஒரு டன் இழுப்பைத் தாங்கும். உண்மையில் அது அறுவதற்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும்.

திருகுதான் ஆபத்து. தட்டையாக உட்காரும் கூம்புத் தலைத் திருகு அக்ரிலிக்கின் துளையில் ஆப்புபோல இறங்குகிறது. பலகை நீளும்போது துளையின் விளிம்பு அந்த ஆப்பில் மோதுகிறது. விரிசல் பிறப்பது அங்கே. தோற்றத்துக்காகவோ கூடுதல் நிம்மதிக்காகவோ போல்ட் வேண்டும் என்பவர்கள், 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அகன்ற தட்டைத் தலையும் ரப்பர் வாஷரும் வைத்து, கையால் முட்டும் அளவோடு நிறுத்த வேண்டும். துளை போட இரும்புக்கான கூரிய டிரில் ஆகாது. அது கவ்வி இழுத்துப் பலகையைப் பிளக்கும். வெட்டுமுனையை மழுக்கிய டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் எதிர்த்தரப்பின் அச்சம் முழுக்க நியாயம். 1960களின் சில சிறு பிரிட்டிஷ் படகுகளில் பழைய கார்களின் கண்ணாடிபோல ரப்பர் வார்ப்புக்குள் பலகையைச் செருகியிருப்பார்கள். அங்கே அலைக்கு எதிராகப் பலகையைப் பிடித்திருப்பது ரப்பரின் உதடு மட்டும். ரப்பர் முதிர்ந்தால் பலகை மொத்தமாக உள்ளே வந்து விழ முடியும். இந்த வகைக்கு அதே ரப்பரைத் தேடி வாங்கி மாற்றுவதைவிட, திறப்புக்கு மேல் வெளியிலிருந்து பெரிய பலகை ஒட்டுவதே பாதுகாப்பு. அலுமினியச் சட்டம் உள்ள ஜன்னல்களின் நிலை வேறு. சட்டம் அரிக்கப்படாமல் இருந்தால் உள்ளே உள்ள பலகையையும் கேஸ்கட்டையும் மட்டும் மாற்றலாம். பழைய பலகையை வைத்தே புதியதை வெட்டலாம். வெட்டும்போது கோடிகளில் விரிவுக்கு இடம் விட வேண்டும். சட்டத்தை நிறைத்து வெட்டிய பலகை முதல் கோடையிலேயே வில்லாக வளையும்.

பலகையைவிடச் சுவரின் நிலை பெரும்பாலும் கவலைக்குரியது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பல படகுகளின் கேபின் சுவர் இரண்டு ஃபைபர் கிளாஸ் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ ப்ளைவுட்டோ வைத்துச் செய்தது. திறப்பை வெட்டியபின் அந்த மர ஓரத்தைத் தொழிற்சாலையில் மூடாமலே விட்டிருப்பதும் உண்டு. பல ஆண்டு ஒழுகலில் அது ஊறிக் கறுத்திருக்கும். உட்புறத்தில் தேயிலைக் கறைபோல இறங்கும் பழுப்புக் கோடு அதன் அடையாளம். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்து, மெத்தென்ற மரம் முழுவதையும் சுரண்டி எடுத்துக் காயவிட வேண்டும். நல்ல மரத்தையும் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழம் குடைந்து, அந்தப் பள்ளத்தைக் கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்ப வேண்டும். பழைய திருகுத் துளைகளையும் அப்படியே. இதைச் செய்தபின் ஜன்னல் என்றாவது ஒருநாள் ஒழுகினாலும் நனைவது மெத்தைதான், சுவர் அழுகாது. பழைய சிலிகான் மிச்சமிருந்தால் முதலில் பிளேடால் வழித்துக் கரைப்பானால் துடைத்து, அதற்குப் பிறகே உப்புத்தாள் போட வேண்டும். வரிசை மாறினால் தாள் சிலிகானைச் சுவருக்குள் தேய்த்து விடும். அசிட்டோன் சுவருக்கு மட்டும். அக்ரிலிக்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பலகையின் ஒட்டு ஓரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

ஒட்டும்போது தடிமனைக் காப்பதற்கு, திறப்பின் ஓரத்தை ஒட்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள இருபக்க நுரை நாடா ஒட்டலாம். 3எம் விஎச்பி நாடா அந்தத் தடிமனிலும் கிடைக்கிறது. நாடா பலகையைப் பிடித்து நிறுத்துகிறது, அதே நேரத்தில் சீலன்ட் நசுங்காமல் இடைவெளியையும் காக்கிறது. நாடாவுக்கு வெளியே பலகையின் ஓரம் வரை உள்ள அகலம் முழுவதையும் சிலிகான் காற்றுக் குமிழ் இல்லாமல் நிறைக்க வேண்டும். நாடா பட்டவுடன் பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் பொருத்துமுன் சுவரில் மறைப்பு நாடாவால் குறி போட்டுக்கொள்வது அவசியம். மிதமான வெப்பநிலையில், நிழலில் ஒட்டினால் பிற்பாடு பலகை நீளவும் சுருங்கவும் இரு பக்கமும் சம இடம் கிடைக்கும். கட்டுமானச் சிலிகான் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே இறுகும். முழுப் பிடிப்பு வர இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை படகைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

பாலிகார்பனேட்டுக்கும் படகில் ஓர் இடம் உண்டு. திறந்த கடலுக்குப் போகும் படகில் பெரிய ஜன்னல்களுக்குப் புயல் மூடி வைத்திருப்பது நல்லது. சுத்தியலுக்கு உடையாத அந்தப் பலகையை ஜன்னலின் அளவுக்கு வெட்டித் துளைகள் போட்டு, வெயில் படாமல் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தால், மஞ்சளாகாமல் பல்லாண்டு இருக்கும். காற்று கடுமையாகும் என்ற முன்னறிவிப்பு வந்தால் ஜன்னலுக்கு வெளியே அதைப் பூட்டி, அலை ஓய்ந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.